சுடரைப் பாருங்கள், தேதியைப் படியுங்கள்

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் உள்ள பலியா என்னும் ஊரில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. இத்திட்டத்தால் ஏழைக் குடும்பப் பெண்கள் பலர் எரிவாயு இணைப்புப் பெற்றனர். விறகுப் புகை குறைந்தது. ஆனால் எரிவாயு அடுப்பையும் கவனமாகப் பராமரிக்க வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

சுடர் என்ன சொல்கிறது?

நல்ல அடுப்பில் சுடர் நீலமாக எரியும். சுடர் மஞ்சளாக எரிந்தால், பாத்திரத்தில் கரி பிடித்தால், பர்னர் துளைகள் அடைத்திருக்கலாம். எரிவாயுவும் வீணாகும்.

சுத்தம் செய்யும் முறை

முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்பு நன்றாக ஆறட்டும். பர்னரைக் கழற்றிச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊற வையுங்கள். பழைய பல் துலக்கியால் தேயுங்கள். துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள். பிறகும் சுடர் மஞ்சளாக இருந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். ரெகுலேட்டரை நீங்களே பிரிக்காதீர்கள்.

கசிவைக் கண்டறிவது எப்படி?

அடுப்பின் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். டியூப்பிலும் அதன் இரு முனைகளிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் அங்கே கசிவு இருக்கிறது. உடனே ரெகுலேட்டரை மூடுங்கள். தீக்குச்சி கொளுத்தி ஒருபோதும் சோதிக்காதீர்கள்.

படித்துப் பாருங்கள்

டியூப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் உடனே மாற்றுங்கள். வெடிப்பு இல்லாவிட்டாலும் 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். டியூப்பைத் துணியால் மூடாதீர்கள். வெடிப்பு கண்ணில் படாது.

சிலிண்டரின் கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். சிலிண்டரை எப்போது மறுசோதனை செய்ய வேண்டும் என்பதை அது காட்டும்.

ஏ: மார்ச் வரை
பி: ஜூன் வரை
சி: செப்டம்பர் வரை
டி: டிசம்பர் வரை

எண் ஆண்டைக் குறிக்கும். சி-27 என்றால் 2027 செப்டம்பர் வரை. காலம் கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வாடை வந்தால்

எரிவாயுவுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிவு தெரிவதற்காகவே வாடை சேர்க்கிறார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது; தரையோடு தேங்கி நிற்கும். சிறு பொறியும் தீயை மூட்டிவிடும்.

- மின் சுவிட்சைப் போடாதீர்கள்; அணைக்கவும் கூடாது.
- எரியும் விளக்கையும் ஊதுவத்தியையும் அணையுங்கள்.
- அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள்.
- கதவு, சன்னல்களைத் திறங்கள்.
- எல்லோரும் வெளியே வாருங்கள்.
- வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். இரவும் பகலும் இந்த எண்ணை அழைக்கலாம்.

1906 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

விடை கூறுங்கள்

1. சுடர் மஞ்சளாக எரிந்தால் என்ன செய்ய வேண்டும்?
2. வாடை வரும்போது சுவிட்சை ஏன் தொடக் கூடாது?
3. உங்கள் வீட்டுச் சிலிண்டரில் உள்ள எழுத்தும் எண்ணும் என்ன? பார்த்து எழுதுங்கள்.