மூளையின் அலையும் சாதகரின் இயல்பும்

ஒரே ஆசானிடம் ஒரே முறையைக் கற்ற இருவரில் ஒருவருக்குச் சில வாரங்களிலேயே மனம் ஒருமுகப்படுகிறது. மற்றவருக்கோ ஆண்டுகள் சென்றும் அது வசப்படுவதில்லை. ‘இது எனக்கு வாய்க்காது’ என்று பின்னவர் பயிற்சியையே கைவிட்டுவிடுவதும் உண்டு. இந்த வேறுபாட்டைப் பற்றி மூளையலை ஆராய்ச்சி கூறுவதைச் சிந்திப்போம்.

மனித மூளையில் எழும் நுண்ணிய மின் அலைகளை முதன்முதலில் 1924-இல் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய 8 முதல் 13 முறை எழுந்து தாழும் அலைக்கு ஆல்ஃபா என்று பெயர். அதைவிட வேகமானது பீட்டா.

யோகிகளின் மூளையலைகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் கல்கத்தாவைச் சேர்ந்த என். என். தாஸ். பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி காஸ்டோவுடன் இணைந்து, கிரியா யோகம் பயின்ற 7 பேரிடம் செய்த பதிவுகளை 1955-இல் அவர் வெளியிட்டார். ஆழ்ந்த நிலையில் அவர்களுடைய அலைகள் அடங்குவதற்கு மாறாக வேகம் கொண்டன. ஆனால் வங்காளியரான பாசு குமார் பாக்சியும் அமெரிக்கரான வெங்கரும் 1957-இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய வேகம் தென்படவில்லை. புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் 1961-இல் வெளியிட்ட ஆய்விலோ ஆல்ஃபாவே மேலோங்கி நின்றது. ஆக, ‘தியானத்தின் அலை இதுதான்’ என்று ஒன்றைச் சுட்டுவது அன்றே இயலாததாயிற்று.

தில்லி ஆய்வில், பனிக்குளிர்ந்த நீரில் கையை நெடுநேரம் வைத்திருந்தும் ஆல்ஃபா கலையாத யோகிகளைப் பற்றியே பலரும் பேசுவர். எனக்கோ அதே கட்டுரையின் வேறொரு செய்தியே முக்கியமாகப் படுகிறது. பயிற்சியைத் தொடங்குவோருள், சாதாரண ஓய்வு நிலையிலேயே ஆல்ஃபா நன்கு விளங்கியவர்களிடம் யோகத்தில் நாட்டமும் தகுதியும் மிகுந்து காணப்பட்டன. அப்படியானால் முதிர்ந்த யோகியிடம் நாம் காணும் அலை முழுவதும் பயிற்சியின் பயனன்று. அதில் ஒரு பங்கு அவர் தொடக்கத்திலேயே கொண்டுவந்த முதலாக இருக்கக்கூடும்.

இதனைப் பின்னூட்டப் பயிற்சி உறுதிப்படுத்தியது. அமெரிக்காவில் ஜோ காமியா 1950-களின் இறுதியில் இதனைத் தொடங்கினார். மூளையில் ஆல்ஃபா எழும்போது ஓர் ஒலி கேட்கும். அந்த ஒலியை நீடிக்கச் செய்யப் பயில்பவர் முயல வேண்டும். இன்று நியூரோஃபீட்பேக் எனப்படும் இம்முறையில், எத்தனை அமர்வுகள் முயன்றும் அலையை வசப்படுத்த இயலாதவர் கணிசமாக உள்ளனர். ஓய்வு நிலையில் ஆல்ஃபா மிகுந்தோர் அதனை உயர்த்த எளிதில் கற்கின்றனர் என மக்காவ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2014-இல் காட்டினர்.

எனினும் எல்லாம் பிறவி இயல்பே என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், உடல் அசையாதிருக்கும்போது விளங்கும் மற்றோர் அலையை உயர்த்தும் பயிற்சி அளிக்கப்பட்டது. ‘நான் எந்த உத்தியையும் கையாளவில்லை’ என்று சொன்னவர்களே இதில் வெற்றி பெற்றனர் என்பது 2013-இல் வெளியான முடிவு. வருந்தி முயல்வதே தடையாகிவிடுகிறது! பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் பயிற்சியோடு வைராக்கியத்தையும், அதாவது பற்றின்மையையும், சேர்த்தே வைத்திருப்பது இங்கே நினைக்கத்தக்கது. சாதகரின் தீவிரத்தை மிருது, மத்தியம், அதிமாத்திரம் என்று அவர் பிரிக்கிறார். கருவி அளப்பதோ தொடக்க நிலையை. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

அதே கிராட்ஸ் நகரிலிருந்து 2017-இல் இன்னோர் ஆய்வு வெளிவந்தது. அடிக்கடி பிரார்த்தனை செய்வோர் ஒரே அமர்வுக்குள் அந்த அலையை உயர்த்தினர். அரிதாகச் செய்வோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. பக்தர்கள் இதைக் கேட்டு மகிழ்வது இயல்பே. ஆயினும் பிரார்த்தனை இத்திறனை வளர்த்ததா, இத்திறன் உடையோர் பிரார்த்தனையில் நிலைத்தனரா என்பதை அந்த ஒரு பதிவைக் கொண்டு பிரித்தறிய இயலாது. 1961-இன் தில்லி ஆய்வு எழுப்பிய அதே வினாதான் இது.