இரண்டு பேரும் ரத்தம் கொடுங்கள்



பெரியப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரத்த ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 10.4. "ரத்தம் கம்மி, மாத்திரை போடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்கிறாய். மாத்திரையை நீயாக நிறுத்தாதே. ஆனால் அதே தாளில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. எம்.சி.வி. (சிவப்பணுவின் அளவு) 64, சிவப்பணு எண்ணிக்கை 53 லட்சம். வெறும் இரும்புச்சத்துக் குறைவென்றால் அணு சிறுக்கும், எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். உனக்கு அணு சிறியது, எண்ணிக்கை மட்டும் தாராளம். மைன்ஸ் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த கண்ணுக்கு நீ தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையின் கேரியராக இருப்பாயோ என்று தோன்றுகிறது. இது சந்தேகம்தான், முடிவல்ல. தீர்த்துச் சொல்வது ஹெச்.பி.எல்.சி. என்ற டெஸ்ட். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற பங்கு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கேரியர். உடம்பில் இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தால் இந்த ஏ2 தாழ்ந்து காட்டி ஏமாற்றவும் கூடும். அதனால் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

நேற்று உன் மாமியாரிடம் போனில் இதைச் சொன்னேன். என் தங்கச்சிதானே, சண்டைக்கே வந்துவிட்டாள். "நம்ம வீட்டுல யாருக்கு என்ன நோய் இருக்கு? புள்ளத்தாச்சிய ஏன் பயமுறுத்துற?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேரியர் என்றால் நோயாளி இல்லை. மண் சுமப்பான், மாரத்தான் ஓடுவான், எண்பது வயது வரை வாழ்வான். அதனாலேயே அப்பா அம்மாக்களுக்கு இது தெரியாமலே போகிறது. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இப்படி இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தாங்கள் கேரியர் என்பதே தெரியாது.

ஒருவர் மட்டும் கேரியர் என்றால் கவலையே வேண்டாம். இருவருமே கேரியராக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்த நாலில் ஒன்று புதிதாக வரும்.

நீயும் மாப்பிள்ளையும் அத்தை மகன், மாமன் மகள். உங்கள் இருவருக்கும் என் அப்பா அம்மாதான் தாத்தா பாட்டி. அவர்களில் ஒருவரிடம் இந்தக் குறை இருந்திருந்தால், உன் அப்பா வழியாக உனக்கும், என் தங்கச்சி வழியாக அவனுக்கும் வந்திருக்கலாம். சொந்தத்தில் கட்டியது குற்றம் என்று சொல்லவில்லை. அந்நியத்தில் கட்டினாலும் இது நேரும். ஆனால் சொந்தத்தில் கட்டியவர்களுக்கு டெஸ்ட் இன்னும் அவசியம். எனக்கும் வந்திருக்கலாம். பேரன் பேத்திகளுக்காக நானும் ரத்தம் கொடுக்கப் போகிறேன்.

பரிசோதனை நம் ஊருக்குப் புதிதா என்ன? கோலார் தங்க வயலில் 1940-46ல் 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது. மூச்சு வாங்குமுன்பே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதை இந்தியாவில் முதலில் புரிந்துகொண்ட ஊர்களில் நம்முடையதும் ஒன்று. ஆனாலும் எக்ஸ்ரேயில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஒதுங்கியவர்கள் நம் லைன் வீடுகளில் இருந்தார்கள். இப்போது ரிப்போர்ட்டில் தெரிந்தால் உன் தங்கச்சிக்கு வரன் அமையாது என்று உன் அம்மா பயப்படுகிறாள். மறைத்துவைத்ததால் அன்று யாருடைய நுரையீரலும் பிழைக்கவில்லை. சின்னவளுக்கும் கல்யாணத்துக்கு முன்பே டெஸ்ட் எடுக்க வேண்டும். அவள் கேரியர் என்று வந்தாலும் கேரியர் இல்லாத மாப்பிள்ளையைக் கட்டுவதில் தடை ஒன்றும் இல்லை. சைப்ரஸ் தீவில் 1970களில் பரிசோதனைத் திட்டம் தொடங்கி, பிறகு கல்யாணத்துக்கு முன் டெஸ்ட் சான்றிதழ் வேண்டும் என்று சர்ச்சே கேட்க ஆரம்பித்தது. அங்கே தலசீமியாக் குழந்தை பிறப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது, கல்யாணங்கள் நிற்கவில்லை.

மேஜரோடு பிறக்கும் குழந்தை முதலில் நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல்தான் வெளுக்கத் தொடங்கும். பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றிய ரத்தத்தில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மருந்து வேண்டும், ஆயுள் முழுக்க. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் குணமாக்கலாம், பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால் நல்லது. அதற்கு கோல் இந்தியா நிறுவனம் 2017 முதல் தலசீமியா பால சேவா யோஜனா மூலம் 10 லட்சம் வரை உதவுகிறது. (நம் சுரங்கத்தை 2001ல் மூடினார்கள். நிலக்கரிச் சுரங்கமாவது பிள்ளைகளுக்கு உதவட்டும்.)

உனக்கு இப்போது எட்டாவது வாரம். நேரம்தான் முக்கியம். உனக்கு எடுத்து, ரிப்போர்ட் வந்து, பிறகு அவனுக்கு எடுப்பது என்று வாரங்களை வீணாக்காதீர்கள். ஒரே நாளில் இருவரும் கொடுங்கள். ஹெச்.பி.எல்.சி.யிலேயே சிக்கிள் செல் என்ற வேறொரு ரத்தக் குறை இருந்தாலும் தெரிந்துவிடும். இருவரும் கேரியர் என்று தெரிந்தால் முதலில் இருவருடைய மரபணுக் குறை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகே பத்து முதல் பன்னிரண்டாவது வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் குழந்தையைச் சோதிக்க முடியும். அந்த வாரம் தவறினால் பதினைந்தாவது வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் சோதனை உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறைக்கு இதில் நீண்ட அனுபவம். பங்காரப்பேட்டையில் ரயில் ஏறினால் காட்பாடி. அதன்பின் என்ன செய்வது என்பது உங்கள் இருவரின் முடிவு. என் தங்கச்சியோ, தம்பியோ, நானோ அதில் தலையிட மாட்டோம்; தலையிட்டால் என்னிடம் சொல்.

ஒன்று மட்டும் மனதில் வை. யாராவது "பொண்ணு வீட்டுக் குறை" என்று ஆரம்பித்தால் விடாதே. மேஜர் வர வேண்டுமானால் அப்பாவிடமிருந்து ஒரு குறை, அம்மாவிடமிருந்து ஒரு குறை வந்தாக வேண்டும்.

மாப்பிள்ளை தினமும் காலை ரயிலில் பெங்களூர் போகிறவன்தானே. இந்த வாரம் ஒரு நாள் லீவு போடச் சொல். இருவரும் சேர்ந்து போய் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் இரண்டு பேருடைய ஏ2 எண்ணையும் எனக்கு எழுது.

பெரியப்பா