தொழில் தொடங்குவோன் தன் நெஞ்சை வினவுதல்

எத்தொழிலைத் தொடங்குவோனும் முதற்கண் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. “இதனை யான் எதன்பொருட்டுச் செய்கின்றேன்?” என்பதே அது. மூலதனம், இடம், சரக்கு ஆகியன யாவும் இதற்குப் பின்னரே வரும். இவ்வினாவை இக்காலத்தில் மிக உரக்கக் கேட்போர் இணையவழி வலையமைப்பு வியாபாரத்தார் ஆவர். ஒரு நிறுவனத்தின் பொருளை ஒருவர் வாங்கி உறுப்பினராகி, பின் தாம் விற்பதனாலும் தமக்குக் கீழ் வேறு உறுப்பினரைச் சேர்ப்பதனாலும் தரகு பெறும் முறையே வலையமைப்பு வியாபாரம் எனப்படுவது. முன்னர் வீட்டுத் திண்ணையிலும் விடுதி மண்டபத்திலும் நடந்த இவ்வழைப்பு இப்பொழுது வட்ஸ்அப், சூம் ஆகியவற்றின் வழியாகக் கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகின்றது. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவர்க்கு இவ்வழைப்பு புதியதன்று. ஆதலின் இவ்விதழில் இதனை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு சிறிது ஆராய்வோம்.

அக்கூட்டங்களில் புதியவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, “உம் வாழ்வின் காரணத்தை எழுதும்” என்பர். நம் பகுதிப் பிள்ளை என்ன எழுதும்? அம்மாவைக் கொழுந்து மலையிலிருந்து இறக்கி ஓய்வாக இருத்த வேண்டும். லயத்தை விட்டுச் சொந்தக் காணித்துண்டில் ஒரு வீடு கட்ட வேண்டும். தங்கையைப் பல்கலைக்கழகம் வரை படிப்பிக்க வேண்டும். இவற்றில் ஒன்றையேனும் இழிந்த ஆசை என்று சொல்ல நமக்கு நாவெழாது. குறை அவ்வாசையில் இல்லை. அதனை அக்கூட்டத்தார் பயன்படுத்தும் வகையிலேயே உள்ளது. கணக்குக் கேட்கும் மாணவனை நோக்கி, “உன் காரணம் வலுவற்றது, ஆகையாற்றான் ஐயம் வருகின்றது” என்கின்றனர். தாயின்மேல் வைத்த அன்பு இவ்வாறு ஐயத்தை அடக்கும் கருவியாகிவிடுகின்றது. ஆற்றைக் கடந்தே ஆகவேண்டும் என்ற அவா ஒருவனுக்கு எத்துணைப் பெரிதாயினும், பாலத்தின் பலகை உறுதியானதா என்பதை அவ்வவா அவனுக்குச் சொல்லாது. அதனைக் காலால் மிதித்தே பார்த்தல் வேண்டும்.

ஊக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று நமக்கு அண்மையிலேயே நடந்திருக்கின்றது. அமெரிக்க உளவியல் அறிஞர் டேவிட் மக்கிலெலண்ட் 1961-இல் ‘சாதிக்கும் சமுதாயம்’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டவர். சாதனை நாட்டம் என்பது பிறவிக்குணம் மட்டுமன்று, பயிற்சியாலும் வளர்க்கத்தக்கது என்ற தம் கருத்தைச் சோதிக்க அவரும் அவர் குழுவினரும் தேர்ந்த இடம் ஆந்திர மாநிலக் கடற்கரை நகராகிய காக்கிநாடா. 1964-இல் அந்நகரச் சிறு வியாபாரிகள் ஐதராபாத்திலிருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்குச் சென்று சில நாட்கள் பயின்றனர். படங்களைப் பார்த்துக் கதை எழுதினர்; அக்கதைகளிலே தம் மனத்தின் போக்கு எவ்வாறு வெளிப்படுகின்றது எனக் கண்டனர்; பின்னர்த் தத்தம் தொழிலில் எட்ட வேண்டிய இலக்கை அளவோடு எழுதினர். ஊர் திரும்பிய பின்னர், பயிற்சி பெறாதாரை நோக்க, பெற்றவர் கூடுதலாக முதலிட்டனர். கூடுதலானோருக்கு வேலையும் கொடுத்தனர். டேவிட் விண்டருடன் சேர்ந்து அவர் 1969-இல் வெளியிட்ட நூல் இச்செய்திகளை விரித்துரைக்கின்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவ்வியாபாரிகள் மாளிகையையும் மகிழுந்தையும் படமாக வெட்டிச் சுவரில் ஒட்டவில்லை. தம் கடை, தம் பட்டறை, தம் கையால் ஆகக்கூடிய அடுத்த படி ஆகியவற்றையே எண்ணினர். மக்கிலெலண்ட் சொல்லும் வளையம் எறியும் விளையாட்டு இதனை விளக்கும். முளைக்கு ஒட்டி நின்று எறிபவனுக்குத் தோல்வியில்லை. ஆயின் அதில் பெருமையுமில்லை. மிகத் தொலைவில் நின்று எறிபவன் அதிர்ஷ்டத்தை நம்புகின்றான். சாதனை நாட்டம் உடையவனோ தன் திறமை பயன்படுமாறு நடுத்தரத் தூரத்தைத் தேர்கின்றான். “ஆறு மாதத்தில் கோடீசுவரன்” என்று தாளில் எழுதுபவன் எங்கு நிற்கின்றான் என்பதை மாணவரே தீர்மானிக்கலாம்.

அவ்வறிஞர் மனித நாட்டங்களுள் மூன்றினைச் சிறப்பாக எடுத்தாண்டார்: சாதிக்கும் நாட்டம், உறவு நாடும் நாட்டம், பிறரை ஆளும் நாட்டம். வலையமைப்பு வியாபாரத்திற் சேரும் நம்மவர் பலர், தாம் முதலாவதால் உந்தப்பட்டதாக எண்ணிக்கொண்டு, மெய்யில் இரண்டாவதால் இழுக்கப்பட்டவராவர். அழைத்தவர் பெரியப்பா மகன். அல்லது பக்கத்து லயத்து அண்ணன். அல்லது வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த தோழன். “அண்ணன் கேட்டார், மறுக்க முடியவில்லை” என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தால், அது தொழிலுக்குரிய காரணம் ஆகாதென்பது எளிதில் விளங்கும். அண்ணனுக்கு வேறு வகையில் உதவலாம்.

காரணம் இன்னதென்று தெளிந்தபின், அதனை ரூபாவிலும் நாளிலும் எழுதுதல் வேண்டும். ஒருவன் 54,000 ரூபா கட்டிச் சேர்கின்றான் எனக் கொள்வோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளப்படி அத்தொகை தாயின் நாற்பது நாள் உழைப்பாகும். சோறும் மருந்தும் கழித்துப் பார்ப்பின் எத்தனை மாதச் சேமிப்பு என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே அறியும். தாயை மலையிலிருந்து இறக்கப் புறப்பட்ட காரணம், முதற்படியிலேயே அவளை மேலும் நாற்பது நாள் மலையேற்றுகின்றது. இந்நாற்பது நாளும் எவ்வழியில் திரும்பி வரும் என்பதே அடுத்த வினா.

இவ்விடத்திற் கலஹாப் பகுதியார்க்கு வரலாறே ஆசிரியனாக நிற்கின்றது. நமக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேதான் ஜேம்ஸ் டெயிலர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு அடியிட்டார். கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணிமார். அவர்கள் தோட்டத்தில் முன்பணம் பெற்றுத் தமிழ்நாட்டிலுள்ள தம் ஊருக்கே சென்று, தம் உறவினரையும் ஊரவரையும் அழைத்து வந்தனர். அதற்கு ‘ஆள் கட்டுதல்’ என்று பெயர். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டி வந்த கதை மலைநாட்டில் வழிவழியாக வழங்குவது. கங்காணியின் கீழ் உள்ளவர் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு சதம் என்று அவருக்குக் காசு சேர்ந்தது. வழிச்செலவோ வந்தவர் தலையிலே கடனாயிற்று. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மக்களையும் கொண்டு சென்றது. 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இரண்டும் எல்லா வகையிலும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. கங்காணி முறையிலே கொழுந்தேனும் மெய்யாக விளைந்தது. அதனைக் குடிப்பவர் உலகெங்கும் இருந்தனர். ஆள் கட்டினவர் கையிற் சேர்ந்த சதமும் கொழுந்து பறித்தவர் உழைப்பிலிருந்தே வந்தது. அப்படியானால், வெளியார் எவரும் வாங்காத ஒரு மாத்திரைப் பெட்டியோ நாணயமோ காட்டி, ஆள் கட்டுவதையே முழுத்தொழிலாக நடத்துமிடத்தில் காசு எங்கிருந்து வரும்? பின்வருபவன் கட்டும் பணத்திலிருந்தே வரும்.

கணித வகுப்பிற் கற்ற பெருக்குத் தொடரை இங்கு நினைவு கூர்க. ஒருவர் ஐவரைச் சேர்க்கின்றார். அவ்வைவரும் ஐவரைச் சேர்க்கின்றனர். ஐந்து, இருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து என்று வளர்ந்து பத்தாம் படியில் 97,65,625 பேர் வேண்டும். பதினோராம் படியில் 4,88,28,125 பேர். இலங்கையின் மக்கள்தொகை இதிற் பாதியும் இல்லை. தொடர் எந்தப் படியில் நின்றாலும், சேர்ந்தோரில் ஐந்தில் நால்வர் தமக்குக் கீழ் ஒருவருமில்லாத கடைசிப் படியிலேயே இருப்பர். அவர்கள் சோம்பேறிகள் என்பதனால் அன்று. தொடரின் இயல்பே அது. ஊக்கம் குறைந்ததால் தோற்றோம் என்று அந்நால்வரும் தம்மையே நொந்துகொள்வதுதான் நமக்குப் பெருந்துயராகத் தோன்றுகின்றது.

சட்டமும் இவ்வேறுபாட்டையே பற்றி நிற்கின்றது. 1988-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்க வங்கிச் சட்டத்திற் பின்னர் சேர்க்கப்பட்ட 83இ பிரிவு, பங்குபற்றுவோர் தொகை பெருகுவதைப் பெரிதும் சார்ந்து நன்மை தரும் பிரமிட் திட்டங்களைத் தடை செய்கின்றது. மூன்றாண்டு வரை சிறை, பத்து இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வேண்டுமென்று பிறர்க்கு நட்டம் விளைவித்தால் தண்டனை மேலும் கடியது. திட்டத்தைத் தொடங்குவதோடு, அதனைப் பரப்புவதும் விளம்பரப்படுத்துவதும் குற்றமே. நல்லெண்ணத்தோடு தம்பியை அழைக்கும் மாணவன் இதனை அறிந்திருத்தல் அவசியம். பிற நாடுகளிலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. 1959-இல் தொடங்கப்பட்ட அம்வே நிறுவனத்தை ஆராய்ந்த அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, 1979-இல் அது பிரமிட் அன்று எனத் தீர்ப்பளித்தது. விற்காத சரக்கைத் திருப்பி ஏற்றல், முன் வாங்கியதில் நூற்றுக்கு எழுபதை விற்ற பின்னரே மேலும் வாங்கல், மாதந்தோறும் பத்து வாடிக்கையாளருக்கு விற்றதைக் காட்டல் ஆகிய விதிகள் அங்கிருந்தமையே அத்தீர்ப்புக்கு ஏதுவாயின. ஆயினும் வருமானத்தை மிகைப்படுத்திக் காட்டலாகாது என்றும் அவ்வாணைக்குழு கட்டளையிட்டது.

ஆதலின் விற்பனையில் மெய்யான விருப்பமுடைய இளைஞனை நாம் தடுக்கப் போவதில்லை. விற்றல் நல்ல கலை. கூச்சம் போகும், கணக்கு வரும், மனிதரை அறியலாம். அவன் சேருமுன் ஒரு வாரம் அப்பொருளை உறவினரல்லாத பத்துப் பேரிடம் காட்டி, இவ்விலைக்கு வாங்குவீரா எனக் கேட்கட்டும். கலஹாக் கடைத்தெருவில் அதையொத்த பொருள் என்ன விலை என்று பார்க்கட்டும். பின் தன் காரணத்தை எழுதிய தாளின் மறுபக்கத்தில், ஆள் ஒருவரையும் சேர்க்காது விற்பனையால் மட்டும் மாதம் எவ்வளவு வரும் என்பதை எழுதட்டும். தன்னை அழைத்த அண்ணனிடம், கடந்த மாதம் உறுப்பினரல்லாதார்க்கு அவர் விற்ற கணக்கையும் பணிவோடு கேட்கலாம்.