வாசக்கால் ஏன் அடியில் இற்றுப்போகிறது

திருவண்ணாமலையில் பழைய வீட்டு மரவேலைக்கு யார் கூப்பிட்டாலும், நான் முதலில் குனிந்து பார்ப்பது வாசக்காலின் அடியில் இருக்கும் அரையடியைத்தான். ஸ்குரூடிரைவர் முனையை இழைக்குக் குறுக்கே வைத்து அழுத்துவேன். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. நெம்பினால் நீளமான சிராயாகப் பெயரும். இற்ற மரத்தில் முனை சத்தமில்லாமல் இறங்கும். நெம்பினால் துண்டு துண்டாக முறிந்து வரும். மேலே பெயின்ட் மட்டும் பளபளவென்று இருக்கும்.

இப்படிப் போனதைப் பார்த்ததும் பலரும் செல் மருந்து வாங்க ஓடுகிறார்கள். செல் அரித்த மரத்துக்குள் மண் இருக்கும். வண்டு துளைத்ததில் ஊசித் துளையும், கீழே மாவும் தெரியும். பூஞ்சை தின்ற மரத்தில் இரண்டும் இருக்காது. பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கட்டம் கட்டமாக நின்றால், பூஞ்சை செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினை மிச்சம் வைத்திருக்கிறது. வெளுத்து நார் நாராகப் பிரிந்தால் லிக்னினும் போய்விட்டது. இதற்குச் செல் மருந்து அடிப்பது வீண் செலவு.

பேகோபுரத் தெருவில் ஒரு வீட்டம்மா என்னிடம் ஆதங்கத்தோடு கேட்டார்: “தெனமும் கழுவி மஞ்சள் பூசற நெலப்படிப்பா, இதுல எப்படி வந்துச்சு?” அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று அவருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருந்தது. மரம் பக்கவாட்டில் குடிக்கும் தண்ணீரைவிட, அறுத்த முனை வழியாகக் குடிப்பது பல மடங்கு. வாசக்காலின் அறுத்த முனை தரையில் உட்கார்ந்திருக்கிறது. தினமும் ஒரு சொம்பு தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தால் அது காயவே காயாது. மஞ்சள் பூசுவதை விடச் சொல்லவில்லை. படியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பூசுங்கள். புதிதாக நிலை வைக்கும்போது, பழைய வீடுகளில் வைத்ததுபோல் காலுக்கு அடியில் கருங்கல் கொடுங்கள். அறுத்த முனையில் ஈரம் ஏறாத பூச்சை இரண்டு முறை தடவிய பிறகே நிறுத்துங்கள்.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தலையெடுக்காது. 30ஐ ஒட்டிப் போனால் அதற்குக் கொண்டாட்டம். காற்றும் வேண்டும். கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை காலகாலத்துக்கும் மக்காமல் கிடப்பது, முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால்தான். மரம் கெடுவது நனைந்தும் காய்ந்தும் அரைகுறை ஈரத்தில் நிற்கும் இடத்தில்: தரையை ஒட்டிய கால், சுவருக்குள் புதைந்த உத்திர முனை, ஓட்டுக்கு அடியில் இறவாணம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து உயிர்ப்பலி ஆனது யாருக்கும் மறக்காது. அப்போது தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் நின்றது. அடுத்து வந்தது பொங்கல். வெள்ளையடித்த கையோடு கதவு, நிலைகளுக்கும் எனாமல் பூசினார்கள் பலர். மரம் உள்ளே ஊறியிருக்கும்போது மேலே எனாமலால் மூடினால் ஈரம் வெளியேற வழியில்லை. அந்த வீடுகள் சிலவற்றில் அடுத்த மழைக்குள்ளேயே அடிக்கட்டை மெத்தென்று ஆகிவிட்டது. ஊறிய மரத்துக்குப் பெயின்ட் அடிக்கப் பங்குனி, சித்திரைதான் காலம். அவசரமென்றால் மாய்ஸ்ச்சர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

மச்சு வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும், அங்கே தலைக்கு மேலே ஆபத்து. மழைநீர்க் குழாய் ஒழுகும் சுவரில் உத்திரத்தின் முனை பார்வைக்குப் படாமலே இற்றுக்கொண்டிருக்கும். கட்டையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் மொத்தென்று கேட்டால் உடனே முட்டுக் கொடுங்கள். ஒழுகலை அடைக்காமல் உத்திரத்தை மாற்றினால் புது உத்திரமும் அதே வழியில்தான் போகும். இற்ற பகுதியை வெட்டும்போது, மெத்தென்று இருக்கும் இடத்தோடு நிறுத்தாமல் ஓர் அடியாவது தள்ளி வெட்டுங்கள். புது முனையைச் சுற்றிச் சுவரில் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள்.

மருந்து என்றால் நான் போராக்ஸும் போரிக் அமிலமும்தான் பயன்படுத்துகிறேன். 10 லிட்டர் வெந்நீரில் 360 கிராம் போராக்ஸ், 240 கிராம் போரிக் அமிலம். கையுறை போட்டுக்கொண்டு, பெயின்ட் சுரண்டிய மரத்தில் விட்டு விட்டுப் பல தடவை பூச வேண்டும். மழையில் கரைந்துவிடும் என்பதால் கூரைக்குள் இருக்கும் மரத்துக்கு மட்டுமே இது ஆகும்.

மரம் வாங்கும்போது வெள்ளையைப் பாருங்கள். தேக்கானாலும் வைரத்துக்குத்தான் பூஞ்சையைத் தாங்கும் சக்தி; வெளிப்புற வெள்ளைக்கு அது கிடையாது. இளமரமாக வெட்டிய தேக்கில் வெள்ளை அதிகம். தேர் வேலைக்கு இலுப்பையையும் வேங்கையையும் தேக்கையும் வைரம் பார்த்து எடுப்பது இதனால்தான். அப்படியிருந்தும் நம் திருவண்ணாமலைக் கோயிலின் பெரிய தேருக்குப் பழுதான மரங்களை மாற்ற வேண்டி வந்தது. வேலை முடிந்து 2024 நவம்பரில் வெள்ளோட்டம் விட்டார்கள். திறந்த வெளியில் நிற்கும் எந்த மரத்துக்கும் பராமரிப்பு ஓயாது.

வெளியில் நிற்கும் மரத்துக்கு உலகமெங்கும் பயன்பட்ட மருந்தைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர்தான். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933இல் சொண்டி காமேசம் உருவாக்கிய தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலவை அது. தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும், ஆர்சனிக் பூச்சியைத் தடுக்கும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைக்கும். ஆர்சனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பழைய கம்பமோ வேலிக்காலோ பச்சை பாய்ந்த நிறத்தில் கிடைத்தால் போகியில் போடாதீர்கள், வெந்நீர் அடுப்பிலும் வைக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடுவதும் அதை வைத்துப் பாத்திரம் தேய்ப்பதும் கூடவே கூடாது.