கடைக்காரர் எங்கே, தம்பி?



கென்யாவின் செல்போன் பணச் சேவையான எம்-பெசா பற்றித் தம்பி எழுதிய கட்டுரையைப் படித்தாயிற்று. ‘தொழில்நுட்பம் கென்யாவை மாற்றியது’ என்ற முதல் வரியிலேயே இந்தக் கிழவனுக்கு எரிச்சல் மூண்டுவிட்டது. கட்டுரை முழுக்கத் தொழில்நுட்பமே வருகிறது, போகிறது, ஏழைகளைக் கைதூக்கி விடுகிறது. மனிதர் ஒருவரையும் காணோம்.

2005இல் எம்-பெசாவை முன்னோட்டம் பார்த்தது குறுங்கடன் தவணை கட்டுவதற்காக. மக்களோ அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்திக்கொண்டார்கள். செல்போன் நிறுவனமான சஃபாரிகாம் அதைப் பிடித்துக்கொண்டு, 2007 மார்ச்சில் ‘வீட்டுக்குப் பணம் அனுப்பு’ என்று கடைவிரித்தது. பிழைப்பு நைரோபியில், குடும்பம் கிராமத்தில். வங்கிக் கிளையோ எட்டாத தூரம். அதுவரை பஸ் டிரைவரிடமும் ஊருக்குப் போகும் சொந்தக்காரரிடமும்தான் பணத்தைக் கொடுத்தனுப்பினார்கள். மாற்றத்தைக் கொண்டுவந்தது அந்தத் தேவை. சாதாரண பட்டன் போனே அதற்குப் போதுமானதாக இருந்தது.

அப்புறம் ஏஜெண்ட், ரொக்கத்தைப் போன் பணமாகவும் போன் பணத்தை ரொக்கமாகவும் மாற்றித் தரும் கடைக்காரர். கட்டுரையில் அவருக்கு அரை வரிகூட இல்லை! கல்லாவில் ரொக்கம், போன் கணக்கில் இருப்பு, இரண்டையும் அவர் எப்போதும் வைத்திருக்க வேண்டும். சம்பள நாளில் நகரத்துக் கடையில் ரொக்கம் குவியும், இருப்பு வறளும். கிராமத்துக் கடையில் நேர்மாறு. இரண்டையும் சமன்செய்ய வங்கிக்கு ஓடுகிற கால்கள் அவருடையவை.

அந்தக் காலத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார். ‘அணை கட்டப்பட்டது’ என்று எழுதிப்போனால், “மண் சுமந்தது யாரப்பா?” என்று வெற்றிலை வாயோடு கேட்டுத் தாளைத் திருப்பித் தருவார். சிவப்புத் துளிகள் தெறித்த அந்தத் தாள்களில்தான் ஒரு தலைமுறையே எழுதப் பழகியது.

‘வளரும் நாடுகள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டியதும் பிடிக்கவில்லை. அதே எம்-பெசா தென்னாப்பிரிக்காவுக்கு 2010இல் போனது; 2016இல் மூட்டை கட்டியது. அங்கே பலரிடம் ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருந்தது. இந்தியாவுக்கு 2013இல் வந்ததும் நிலைக்கவில்லை.

ஆனால், பொருளியலாளர்கள் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016இல் வெளியிட்ட ஆய்வைக் கையாண்ட பத்தி இருக்கிறதே, அபாரம்! 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்ட கணக்கோடு நிற்காமல், ஏறக்குறைய 1,85,000 பெண்கள் விவசாயத்திலிருந்து வியாபாரத்துக்கு மாறியதைச் சொன்ன இடத்தில் பொறாமையே வந்தது. ஒன்று மட்டும்: அவர்கள் அளந்ததே வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை ஏஜெண்டுகள் முளைத்தார்கள் என்பதை வைத்துத்தான்.

அடுத்த கட்டுரைக்கு முன், சம்பள நாளில் நைரோபியில் அப்படியொரு கடை வாசலில் தம்பி பொழுது சாயும்வரை நிற்கட்டும். பயணச் செலவுக்குப் பத்திரிகை முகம் சுளித்தால் இந்தக் கிழவனுக்கு ஒரு வரி எழுதட்டும்.