சிட்டா நூலும் ஆலைகளின் கடமையும்



நெசவாளர் சங்கம் ஒன்றின் பொதுக்குழுவில் முதியவர் ஒருவர் எழுந்து, “ஆலைக்காரர்கள் நமக்கு நூல் தந்தே தீர வேண்டுமென்று சட்டம் இருக்கிறதாமே! அப்படியிருக்க என் தறி பதினொரு நாள் ஏன் சும்மா கிடந்தது?” என்று வினவினார். நிர்வாகக் குழுவினர் என் முகத்தைப் பார்த்தனர். அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. அதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டா. ஒரு ராத்தலுக்கு எத்தனை சிட்டாவோ, அதுவே நூலின் நம்பர். ஆகவே 40-ஆம் நம்பர் நூலில் 10 ராத்தல் கட்டு ஒன்றுக்கு 400 சிட்டா இருத்தல் வேண்டும். இதை எண்ணிப் பார்த்து வாங்கும் சங்கங்கள் சிலவே. சாயத்தில் தோய்ப்பதற்கும், வீட்டு ராட்டையில் தார் சுற்றுவதற்கும் சிட்டாவே ஏற்றது. கோன் நூல் விசைத்தறிக்கும் இயந்திரப் பாவுக்கும் உரியது. ஆலைக்கோ கோன் சுற்றுவதே எளிது. சிட்டா கட்டுவதற்குத் தனி வேலையும் ஆளும் தேவை. விட்டுவிட்டால் ஆலைகள் எதைக் கட்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால்தான் 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் ஜவுளி ஆணையர் ஆலைகளுக்கு ஒரு கடமையை விதித்துள்ளார். உள்நாட்டு உபயோகத்திற்காகக் கட்டும் நூலில் குறிப்பிட்ட பங்கைக் காலாண்டுதோறும் சிட்டாவாகவே கட்ட வேண்டும். அப்பங்கு முன்னர் நூற்றுக்கு 50 ஆக இருந்தது. 2003-இல் 40 ஆயிற்று. 2019-இல் 30 ஆயிற்று.

இக்குறைப்புக்கு ஆலையதிபர்கள் கூறும் காரணம் முழுவதும் பொய்யன்று. கைத்தறிக்கென்று கட்டிய சிட்டா நூலில் கணிசமான பகுதி விசைத்தறிக்கே போய்ச் சேர்கிறது என்றனர், அது உண்மையே. முற்காலத்தில் சிட்டா நூலுக்கு எக்சைஸ் வரி விலக்கு இருந்ததால், அதை வாங்கி விசைத்தறியில் ஓட்டுவது இலாபமாயிற்று. கைத்தறியாளர் தொகையும் சுருங்கியது. 2009-10 கணக்கெடுப்பில் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக ஏறத்தாழ 43 லட்சம் பேர். 2019-20-இல் 35 லட்சம் பேர். தேவை குறைந்தது, கடமையும் குறையட்டும் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் நூல் கிடைக்காமையாலும் தறியை விட்டவர் உண்டல்லவா? அவர்களையும் தேவை குறைந்ததற்குச் சான்றாகக் காட்டுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. கசிவு இருந்தால் கசிவை அடைக்க வேண்டும். அளவைக் குறைப்பது பரிகாரமாகாது.

இனி முதியவரின் வினாவுக்கு வருவோம். இவ்விதி “கட்டு” என்கிறதேயன்றி, “இன்னாருக்கு, இன்ன விலைக்குக் கொடு” என்று கூறவில்லை. மேலும், ஓர் ஆலை தானே கட்டாமல், அதிகமாகக் கட்டிய வேறோர் ஆலையிடம் பணம் கொடுத்துத் தன் கடமையை ஒப்படைத்துவிடலாம். எனவே ஏட்டில் கடமை நிறைவேறியிருக்கும். நம் ஊருக்கு ஒரு கட்டு நூலும் வந்திராது. இக்குறையை ஓரளவு நீக்கவே 1983-இல் தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. ஆலைவாயில் விலைக்கு நூல் வழங்கும் திட்டமும் பின்னர் வந்தது. தமிழ்நாட்டில் நெசவாளர் நலன் கருதித் தொடங்கிய கூட்டுறவு நூற்பாலைகளில் பல மூடப்பட்டுவிட்டன. பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் அது நட்டமே; தம் பஞ்சை வாங்க இருந்த ஒரு கூட்டுறவு வாடிக்கையாளரை அவர்கள் இழந்தனர்.

அச்சங்கத்தின் நூல் இருப்புப் பதிவேட்டை மறுநாள் பார்த்தேன். நூல் வந்த தேதி இருந்தது. கேட்ட தேதி இல்லை. தறி நின்ற நாள்கள் எங்கும் எழுதப்படவில்லை. பதினொரு நாள் என்பது முதியவரின் நினைவில் மட்டுமே இருந்தது. ஜவுளி ஆணையருக்கு மனு எழுத அமர்ந்தோம்; இணைப்பதற்கு ஒரு தாளும் இல்லை. ஆலைகளோ காலாண்டுதோறும் தம் கணக்கை ஒழுங்காக அனுப்புகின்றன.

செயலாளர்கள் அப்பதிவேட்டில் மூன்று பத்திகள் சேர்க்க: நூல் கேட்ட தேதி, கேட்ட அளவு, நூலின்றி நின்ற தறிகளும் நாள்களும். அடுத்த தணிக்கையில் அவற்றையே முதலில் கேட்பேன்.