தை மாதத்து மீனும் வைகாசி மீனும்

திருவாதவூர்ப் பக்கம் கண்மாய் மீன் தின்று வளர்ந்தவர்களிடம் எது ருசி என்று கேளுங்கள். விரால், விட்டால் அயிரை என்பார்கள். குழம்புக்கு அது சரிதான். கல்லில் போட்டு முறுகப் பொரிப்பதற்கு என் வரிசை வேறு. அதிலும், என்ன மீன் என்பதைவிட எந்த மாதத்து மீன் என்றுதான் முதலில் கேட்பேன்.

ஜிலேபிக் கெண்டையையே எடுத்துக்கொள்வோம். 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்க மீன். சேற்று நாற்றம் என்று பலரும் ஒதுக்குகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து கண்மாய் நிறைந்து, தண்ணீர் தெளிந்த பிறகு தை மாதம் பிடித்த ஜிலேபியை அவர்கள் தின்றிருக்க மாட்டார்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு போதும், சதை இனிக்கும். அதே மீன் வைகாசியில், முழங்கால் தண்ணீரில் பாசிக்குள் கிடந்தால் மண்வாடை அடிக்கத்தான் செய்யும். அதற்குக் காரணம் ஜியோஸ்மின். நீலப்பச்சைப் பாசியும் சில வகை மண் பாக்டீரியாக்களும் உண்டாக்கும் பொருள் இது. முதல் மழைக்குக் கிளம்பும் மண்வாசனையிலும் இருப்பது இதுதான். மீனின் கொழுப்பிலும் தோலிலும் போய்த் தங்கும். புளிப்பு பட்டால் சிதையும். அதனால் கோடை மீனைத் தோலுரித்து, புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கொஞ்ச நேரம் ஊறவிட்டு அலசுங்கள். உயிரோடு கிடைத்தால் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் விட்டு வைப்பது இன்னும் நல்லது.

மேலூர்ப் பக்கத்து மீன்பிடித் திருவிழாக்கள் எல்லாம் தண்ணீர் வற்றும் கோடையில்தான் வரும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு சனம் இறங்கிவிடும். கூடையும் மனசும் நிறையும். ஆனால் அன்றைக்கு வருவது குழம்பு மீன். பொரிக்கிற மீனுக்குத் தை மாதத்துத் தூண்டில்தான்.

ஜிலேபிக்கு வாய் சிறியது. சின்ன முள்ளில் மண்புழுவையோ பிசைந்த மைதாவையோ கொஞ்சமாகக் குத்துங்கள். கொத்திக் கொத்திப் பார்க்கும். தக்கை முழுசாக அமிழும்வரை இழுக்கக் கூடாது. மயிலிறகுக் காம்பைவிட நல்ல தக்கை கடையில் கிடையாது.

என் பட்டியலில் முதலிடம் பனையேறிக் கெண்டைக்கு. ஆம்பல் இலை ஓரமாக மண்புழுவைப் போட்டால் ஒரே கவ்வாகக் கவ்வி ஓடும். செவுள் மூடியின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். துண்டைப் போட்டுப் பிடியுங்கள். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் ஈரச்சாக்கில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். 1791-ல் தரங்கம்பாடியில் இது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிவைத்தார். நான் பார்த்ததெல்லாம் மழைநாளில் வரப்புத் தாண்டியதைத்தான். செதில் கெட்டி, சாம்பல் தொட்டுக் கல்லில் உரச வேண்டும். முள் அதிகம், குழந்தைகளுக்கு ஆகாது. பொறுமையுள்ளவர்களுக்கு இதற்கு ஈடு கிடையாது.

கெளுத்தி ராத்திரி மீன். புது மழைக் கலங்கலில், தரையில் படுகிற மாதிரி புழுவைப் போடுங்கள். முள் குத்தினால் கடுகடுவென்று கடுக்கும். முதல் வேலையாகக் குறட்டால் முள்ளை ஒடித்துவிடுங்கள். பொரித்தால் சுமார்தான்.

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரில் மீன் பேச்சா என்று ஒருவர் என்னைக் கடிந்தார். சங்கப் புலவர் கபிலரும் இந்த ஊர்க்காரர் என்றுதான் சொல்கிறார்கள். கறியும் சோறும் உண்பதைத் தவிர வேறு வேலை அறியாததால் தம் கை மென்மையானது என்று சேர மன்னனிடமே சொன்னவர் அவர்.

விராலுக்கு உயிர்த்தவளை. விடியற்காலையில் செடி ஓரம் அது காற்றுக் குடிக்க மேலே வரும் இடம் பார்த்துப் போட வேண்டும். ஆனால் தண்ணீரின் மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள். காவல் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.